ஒன்னியின் கிண்ணம் காயவில்லை

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாகக் கிண்ணத்தின் எடை கூடியிருந்தது. கௌகோ தராசை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். போன வாரத்தைவிட முப்பது கிராம் அதிகம்.

"பச்சை மரம் காயக் காய இளைக்கணும், ஐலி. இது என்னடான்னா தின்னு தின்னு கொழுக்குது."

"காபி ஆறுது, குடிங்க," என்றார் ஐலி.

ஐலியின் கணவர் ஒன்னி, ஈரம் சொட்டும் பிர்ச் மரத்தில் அந்தக் கிண்ணத்தைக் கடைந்து வைத்த நான்காம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பச்சை மரம் அவசரப்பட்டுக் காய்ந்தால் வெடித்துவிடும். காகிதப் பையில் மரச்சீவலுக்குள் புதைத்து, வாராவாரம் நிறுத்துப் பார்த்து, எடை அசையாமல் நின்ற பிறகுதான் மறுபடி கடைந்து முடிக்க முடியும். "அவனோட கடைசிக் கிண்ணம். ஒரு கீறல் விழாம முடிச்சுத் தர்றது என் பொறுப்பு," என்று அடக்கத்தன்று கௌகோ எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். அவரும் ஒன்னியும் முப்பது வருடம் ஒரே பட்டறையில் நின்றவர்கள். அந்தத் துக்கத்தை இறக்கி வைக்க அவருக்கு வேறு இடமும் இல்லை.

முதலில் தராசின் மேல் பழி போட்டார். தன் வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அது இன்னும் ஐந்து கிராம் கூட்டிக் காட்டியது.

அடுத்து, பை இருந்த நிலவறையின் ஈரத்தின் மேல் சந்தேகம். பையைச் சமையலறை அலமாரிக்கு மாற்றினார். மறுவாரம் நாற்பது கிராம் ஏறியிருந்தது.

சீவல்தான் ஈரம் இழுக்கிறது என்று பழையதைக் கொட்டிப் புதிது போட்டார். ஐலி சுட்டு வைத்திருந்த ஏலக்காய் ரொட்டியெல்லாம் மரத்தூள். இருவரும் தட்டித் தட்டித் தின்றார்கள். அதற்கடுத்த வாரம் அறுபது.

"ஒன்னிக்கு எப்பவும் என்னைக் கண்டா இளக்காரம். செத்தும் என் உயிரை வாங்குறான்."

"வாங்கட்டும். அடுத்த ஞாயிறு மீன் சூப் வைக்கிறேன், வந்துடுங்க."

கௌகோவுக்குப் பொறுமை போய்விட்டது. ஐலி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தைக் கோட்டுக்குள் மறைத்து, ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். வீட்டுக்குப் போனதும், தான் குளித்து முடித்திருந்த சௌனா நீராவி அறையின் இளஞ்சூட்டில், கீழ்ப்படியில் வைத்தார். எடை மளமளவென்று இறங்கியது. திங்களன்று விசிலடித்தார். செவ்வாயன்று ஒன்னியின் படத்தைப் பார்த்து, "எப்படி?" என்று மீசையைத் தடவினார்.

புதன்கிழமை 'டப்'பென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரைக்கும் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கௌகோ அங்கேயே பலகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தோடு ஐலியின் வீட்டுப் படியேறினார். பாதியில் நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு சிர்க்கா, உதறுவதற்காகக் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்ன, மாடிப்படியில சிலை வெச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒன்னியோட கடைசிக் கிண்ணத்தை உடைச்சிட்டேன், சிர்க்கா. கேட்டா ஐலி நொறுங்கிப் போயிடுவாங்க. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு வருவேன்?"

சிர்க்கா கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல மனுஷன்யா நீங்க. சனிக்கிழமை ஆனா அதை வாளித் தண்ணியில முக்கி வெச்சதே ஐலிதான். காஞ்சு முடிஞ்சா அப்புறம் ஞாயித்துக்கிழமை யாரு வருவாங்கன்னு எங்கிட்ட கேட்டாங்க."