அபூர்வம், ஆனா சோதிச்சுப் பாக்கல

அட, அது ஓடுமா ஓடாதான்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நல்லாத் தெரியும். ஓடாது. ஆனா அதை வாயைத் தெறந்து சொல்லிட்டா அப்புறம் அவரு என்ன அபூர்வக்காரரு?

அபூர்வக்காரருன்னா யாருன்னு முழிக்கிறீங்களா? அது ஒரு தனி இனங்க. இங்கிலாந்து பூரா பரவிக் கெடக்குது. அதுலயும் ஒரு காலத்துல ரயில் இஞ்சின் செஞ்ச ஊருங்க பக்கம் போனீங்கன்னா தெருவுக்கு ஒண்ணு தேறும். பாக்க நம்மள மாதிரிதான் இருக்கும், டீ குடிக்கும், மழையைத் திட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை விடிஞ்சா போதும், வயக்காட்டுல கார் டிக்கியைத் தெறந்துவெச்சு வீட்டுக் குப்பையை விக்கிறாங்களே அந்தச் சந்தைக்கு ஓடி, சக்கரம் போன இஞ்சின், கொக்கி போன பெட்டி, எலி கடிச்ச ஸ்டேஷன், கொடி புடிச்ச, தலையில்லாத கார்டுன்னு ஒரு கூடை பொம்மை ரயிலை அள்ளிக்கிட்டு வந்து, மதியச் சாப்பாடு செரிக்கறதுக்குள்ள ஏல வலைத்தளத்துல "மிக மிக அபூர்வம்"னு ஏத்தி, வாங்கினதுக்குப் பத்து மடங்கு விலையைப் போட்டுட்டு, காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.

பொம்மை ரயிலுன்னு அது காதுபட சொல்லிடாதீங்க. அடிக்க வரும்.

அதுக்குன்னு ஒரு பாஷை இருக்கு. அதைக் கத்துக்காம நீங்க எதையும் வாங்கப் போகக் கூடாது. "சோதிச்சுப் பாக்கல"ன்னா பாத்தாச்சு, பொகை வந்துச்சுன்னு அர்த்தம். "வயசுக்கேத்த தேய்மானம்"னா நாய் கடிச்சிருக்கு. தூசி படிஞ்சிருந்தா "நிஜ ரயில் மாதிரியே அழுக்கு ஏத்தினது"ன்னு போட்டு, அந்தத் தூசிக்குத் தனியா ஒரு விலை. "படத்துல இருக்கிறபடி"ன்னு எழுதியிருந்தா படத்துல எது இல்லைன்னுதான் நீங்க தேடணும். படம் எப்படி இருக்கும்? ஓடுற பஸ்ஸுல இருந்து எடுத்த மாதிரி இருக்கும். ஒடைஞ்ச எடத்துல கட்டை விரல் இருக்கும். விரல் பத்தலைன்னா, அளவு தெரியட்டும்னு சொல்லி ஒரு டீ கோப்பையை முன்னால வெச்சிருக்கும். ஒண்ணுமே இல்லாத காலி அட்டைப்பெட்டியைக் கூட "பெட்டி மட்டும், பிரமாதமான நெலமை"ன்னு இஞ்சினை விட அதிக வெலைக்கு விக்கும். அதையும் ஒருத்தன் வாங்குவான். அவன் வேற யாரு? இன்னொரு அபூர்வக்காரன்.

அப்படி இஞ்சின் செஞ்ச ஊருதான் க்ரூ, அங்க ரெஜ் ஹாப்வுட்னு ஒருத்தர். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. இந்த இனத்துல முதல் தரம். தோட்டத்துல இருக்கிற மரக் கொட்டகைதான் அவருக்கு ஆபீஸ், கிடங்கு, கோயில் எல்லாம். எந்தச் சாமானை ஏத்தினாலும் கீழ ஒரு வரி போட்டுருவாரு: "காலமான என் மாமா வீட்டுப் பரண்ல கெடச்சது. எனக்கு ரயிலைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

ஒண்ணும் தெரியாதாம்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டா சக்கரத்துல எத்தனை கம்பின்னு சொல்ற மனுசன்!

அவரு சம்சாரம் டோரீனுக்கு இதுல மாமா விசயம்தான் பொறுக்காது.

"ஏன் ரெஜ், உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தது ஒரே தம்பி. அவரு ஸ்பெயின்ல கடலோரத்துல கல்லு மாதிரி உக்காந்து ஐஸ் போட்டுக் குடிச்சிக்கிட்டிருக்காரு. போன வாரம்கூட போன் பண்ணாரு. அவரை நீ எத்தனை தடவைதான் பொதைப்ப?"

"அது சும்மா ஒரு மரியாதைக்குப் போடறது, டோரீன். செத்தவங்க சாமான்னா ஜனங்க கேள்வி கேக்காது."

"நீ செத்தா என்னன்னு போடட்டும்?"

"அபூர்வம்னு போடு."

இப்படி ஆனந்தமாப் போய்க்கிட்டிருந்த பொழப்புல ஒரு இடி விழுந்துச்சு. சந்தோச இடிங்க. மக கெர்ரிக்குப் பையன் பொறந்துட்டான். ஓட்டிஸ்னு பேரு. ஆஸ்பத்திரியில அந்தத் துணி மூட்டையைக் கையில வாங்கினாரு பாருங்க, அவ்வளவுதான். மனுசன் கவுந்துட்டாரு. வழியில போற தபால்காரரை நிறுத்திப் படம் காட்றாரு. பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துக்கிட்டே படம் காட்றாரு. பக்கத்து வீட்டுப் பூனைகிட்டயும் காட்டினாருன்னு டோரீன் சொல்றா, அது அவ கட்டின கதையா இருக்கலாம்.

அந்தக் குஷியில அவரு வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டாரு. கெர்ரியோட மாமனாரு மால்கம்னு ஒருத்தர் இருக்காரு, நல்ல வசதி. பேரனுக்குச் சோபா அளவுக்கு ஒரு கரடி பொம்மை வாங்கியிருக்கேன்னு போன்ல பீத்திக்கிட்டாரு. நம்ம ரெஜ் சும்மா இருப்பாரா? "கரடி என்ன சம்பந்தி, எந்தக் கடையிலயும் கெடைக்கும். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு மொத மொதலா பிள்ளையைத் தூக்கிட்டு வராங்கல்ல, அன்னைக்கு நீங்களும் வாங்க. பச்சை இஞ்சின் ஒண்ணு அவனைச் சுத்திச் சுத்தி ஓடும், பாருங்க"ன்னுட்டாரு.

சொல்லிட்டுக் கொட்டகைக்குப் போயி பாத்தாரு. தரையில இருந்து கூரை வரைக்கும் இஞ்சினு. ஒவ்வொண்ணா எடுத்துத் தண்டவாளத்துல வெச்சாரு. ஒண்ணு முணுமுணுத்துச்சு. ஒண்ணு பொகைஞ்சுச்சு. ஒண்ணு அரை அடி பின்னால போயி படுத்துக்கிச்சு. அத்தனை அபூர்வத்துல ஓடுற அபூர்வம் ஒண்ணு கூடக் கெடையாது. வாழ்க்கையில மொதல் தடவையா ரெஜ் ஹாப்வுட்டுக்கு நெசமாவே ஓடுற ஒரு இஞ்சின் தேவைப்பட்டுச்சு.

ஆக, விக்கிறவரு வாங்க வந்தாரு. ஏலத்துல ஒரு பச்சை இஞ்சின் கண்ணுல பட்டுச்சு. "மிக அபூர்வம். தண்டவாளத்துல வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடும். படத்துல இருக்கிறபடி." படத்துல இஞ்சினுக்கு முன்னால ஒரு டீ கோப்பை. பாத்தாரா? பாத்தாரு. சந்தேகப்பட்டாரா? எங்கே! அந்தக் கோப்பைக்குப் பின்னால அவருக்குத் தெரிஞ்சது ஓட்டிஸோட மூஞ்சி.

வியாழக்கிழமை சாயங்காலம், டீ நேரத்துக்கு ஏலம் முடியுது. கொட்டகையில உக்காந்து தொகையைப் போட்டாரு. போட்ட கையோட எவனோ அவருக்கு மேல ஒண்ணு போட்டான். இவரு ஏத்தினாரு. அவனும் ஏத்தினான். ஏலம் கேக்கறவங்க பேரை அந்தத் தளம் காட்டாது, ரெண்டு எழுத்தும் நாலு நட்சத்திரமும்தான். ரெஜ்ஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. கொட்டகைக்கும் சமையல்கட்டுக்கும் நடையா நடக்கறாரு.

"எவனோ ஒரு வெறி புடிச்சவன், டோரீன்! விட மாட்டேங்கறான்!"

டோரீன் மேசையில டேப்லட் கம்ப்யூட்டரைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு, ஒரு கையால டோஸ்ட்டு மேல ஊத்தற பீன்ஸ் சட்டியைக் கிண்டிக்கிட்டிருக்கா. "அப்படியா? பாவம் நீ"ன்னா, கண்ணை எடுக்காம.

"நீ என்னத்தைத் தட்டிக்கிட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல. ஸ்வெட்டர் பின்ற டிசைன் ஒண்ணு பாக்கறேன். டோஸ்ட்டு கருகுது, போயி உன் வேலையைப் பாரு."

போனாரு. ஏத்தினாரு. அவனும் ஏத்தினான். அந்தக் காசுக்கு நெசமான ரயில்ல ஸ்காட்லாந்து போயி திரும்பி வரலாம்ங்கற எடத்துக்கு வந்த பிறகு, கடைசி நொடியில ரெஜ்ஜோட விரல் பக்கத்துப் பொத்தான்ல பட்டுடுச்சு. ஏலம் முடிஞ்சுது. அவனுக்குப் போயிடுச்சு.

கொட்டகையில இருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு. டோரீன் சமையல்கட்டுல கரண்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு குதி குதிச்சா.

"ஜெயிச்சுட்டேன் ரெஜ்! உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வெச்சிருந்தேன். பேரனுக்குப் பச்சை இஞ்சின்! எவனோ ஒரு மூளை கெட்டவன் கடைசி வரைக்கும் கூடவே ஏத்திக்கிட்டு வந்தான், ஆனா நான் விடுவேனா?"

ரெஜ் அவ திரையை எட்டிப் பாத்தாரு. "நீ எந்தக் கணக்குல இருந்து ஏலம் கேட்ட?"

"என் பேர்ல இருக்கே, அதுலதான். நீ தொடங்கினதுதானே."

ஆமா, அவரு தொடங்கினதுதான். எதுக்குத் தொடங்கினாரு? தன் சாமானைத் தானே ஏலம் கேட்டு, வெலையைக் கூட்டி, அடுத்தவன் தலையில கட்டத்தான் பொண்டாட்டி பேர்ல ஒண்ணு போட்டு வெச்சிருந்தாரு. அந்தக் கணக்கு பொறந்ததுல இருந்து என்ன வேலை செஞ்சுச்சோ, அதே வேலையை இன்னைக்கும் கச்சிதமாச் செஞ்சிருக்கு. என்ன, தலை மட்டும் மாறிப் போச்சு.

"ஏன் ரெஜ் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"அந்த மூளை கெட்டவன் நான்தான்."

டோரீன் கரண்டியைக் கீழ போட்டா. அப்புறம் சிரிச்சா பாருங்க, பீன்ஸ் அடி புடிச்சு, டோஸ்ட்டு கரியாகி, பொகை வந்தா அடிக்கிற மணி கத்த ஆரம்பிச்சும் அவளால நிறுத்த முடியல. "நாம ரெண்டு பேரும் சேர்ந்துல்ல அதை வித்தவனைப் பணக்காரனாக்கி இருக்கோம்!"

"அபூர்வமான பொருளு, அந்த வெலை வரத்தான் செய்யும்"னு ரெஜ் முணுமுணுத்தாரு. பழக்க தோசம்.

சனிக்கிழமை பார்சல் வந்துச்சு. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவுக்குள்ள பழைய பேப்பரைச் சுத்தி, அச்சு அசலா ரெஜ் கட்டற மாதிரியே கட்டியிருந்தான். பிரிச்சாரு. தண்டவாளத்துல வெச்சாரு. கரண்ட்டைக் குடுத்தாரு. ம்ஹூம். தூக்கித் திருப்பிப் பாத்தாரு. கோப்பை மறைச்சிருந்த எடத்துல ஒரு பெரிய ஓட்டை. உள்ள மோட்டாரே இல்ல!

விரலால லேசாத் தள்ளினாரு. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுச்சு.

ரெஜ்ஜுக்குக் கோவம் வரணும்ல? அழுகை கூட வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னால வந்தது என்ன தெரியுமா? மரியாதை. "பயல் ஒரு வார்த்தை பொய் சொல்லலியே, டோரீன்! எம்மாம் பெரிய தொழில்காரன்!" இருந்தாலும் புகார் எழுதிப் போட்டாரு. பதில் உடனே வந்துச்சு: "காலமான என் மாமாவோட சாமான். எனக்கு ரயிலைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

ஞாயித்துக்கிழமை. அடுப்புல மாட்டிறைச்சி வேகுது, கூடவே ரெஜ்ஜோட மானமும் வேகுது. கெர்ரியும் புருசனும் பிள்ளையோட வந்தாங்க. பின்னாலயே அந்தக் கரடி வாசல்ல மாட்டிக்கிட்டு, அதைத் தள்ளிக்கிட்டு மால்கம். கரடி உள்ள வந்துச்சோ இல்லியோ, ஓட்டிஸ் அதோட மூஞ்சியைப் பாத்து வீல்னு கத்த ஆரம்பிச்சான். பால் குடுத்தாங்க, தட்டினாங்க, தூக்கிக்கிட்டு நடந்தாங்க. நிக்கல.

"சரி ரெஜ், அந்தப் பச்சை இஞ்சின் எங்க? ஓட விடுங்க பாப்போம்"னாரு மால்கம், மீசைக்குள்ள சிரிச்சுக்கிட்டு.

ரெஜ் டோரீனைப் பாத்தாரு. டோரீன் கூரையைப் பாத்தா. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சாக்கு எழுதின மனுசனுக்கு அன்னைக்கு ஒண்ணு கூட வாயில வரல. "மோட்டார் இல்ல சம்பந்தி. ஓடாது. ஏமாந்துட்டேன்"னாரு. அவரு ஆயுசுல எழுதாத விவரம் அது.

சொல்லிட்டு என்ன பண்ணாரு? முட்டி ரெண்டும் மடக்குன்னு சத்தம் போட, கம்பளத்துல எறங்கித் தவழ ஆரம்பிச்சாரு. இஞ்சினை விரலால தள்ளிக்கிட்டே, கன்னத்தை உப்பிக்கிட்டு, வாயாலயே "குச்சு குச்சு குச்சு, கூ"ன்னாரு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. கரடியைச் சுத்தி, மேசைக் காலைச் சுத்தி, கெர்ரி செருப்பைச் சுத்தி. அழுகை நின்னுச்சு. ஓட்டிஸ் கண்ணை உருட்டி அந்தச் சத்தத்தைத் தேடறான். அப்புறம் ஒரு பக்கமா வாயைக் கோணினான்.

"சிரிக்கறான்! சிரிச்சான்! எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"வயித்துக் காத்துப்பா அது"ன்னா கெர்ரி.

"சிரிப்பு! அசல் சிரிப்பு! மிக மிக அபூர்வம்!"

அதுக்குள்ள மால்கம் கோட்டைக் கழட்டிட்டுத் தரையில எறங்கிட்டாரு. "நகருங்க ரெஜ், ஒரு சுத்து நான் தள்றேன்."

"வரிசையில வாங்க சம்பந்தி. மொதல்ல கூ போடக் கத்துக்கங்க."

ரெண்டு கெழவனுங்களும் ஒரு மோட்டார் இல்லாத இஞ்சினுக்கு அடிச்சிக்கிட்டு, மாட்டிறைச்சி ஆறி அவலாப் போச்சு.

இப்ப நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா சட்டைப் பையில இருக்கிற போனைக் கொஞ்சம் வெளிய எடுங்க. அதுல ஒரு குழந்தைப் படம் இருக்குமே, பாதி உங்க கட்டை விரலு, மீதி கலங்கலு? போன வாரம் அதைக் காட்டி "மூக்கு அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கு"ன்னு யாருகிட்ட சொன்னீங்க? மூக்கா அது? சட்டைப் பித்தான்! நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்தறதை "நல்ல கொரல் வளம்"னு வித்தது யாரு? தலை கோணலை "அறிவாளித் தலை"ன்னது யாரு? பொருளை இல்லாததையெல்லாம் சொல்லி ஏத்தி விடறதுல ரெஜ் ஹாப்வுட் உங்க காலுக்கு ஆவாரா? அவரு ஒருத்தரை ஏமாத்தினா காசு போகும். உங்களை நம்பினவன் குழந்தையைப் பாக்கப் பஸ் ஏறி வரணும்.

ரெஜ் இப்ப எப்படி இருக்காருன்னா, தன் பேர்ல இருந்த அந்த ஏலக் கணக்கை டோரீனே மூடிட்டா. பச்சை இஞ்சின் விக்கறதுக்கில்லன்னு அலமாரியில உக்காந்திருக்கு. இன்னைக்குக் காலையில ரொட்டிக் கடைக்குப் போயிருந்தாரு. அந்தக் கடைக்காரம்மா பச்சைப் பிள்ளையில இருந்து பாதிரி வரைக்கும் எல்லாரையும் "வாத்தே"ன்னுதான் கூப்பிடுவா, அந்த ஊர்ப் பாசம் அது. பின்னால வரிசை தெரு வரைக்கும் நிக்குது. இவரு போனை நீட்டி ஒவ்வொரு படமாத் தள்றாரு.

"ஏன் வாத்தே, நீ விடற கதைக்கு உன் பேரன் இந்நேரம் ஓடவே ஆரம்பிச்சிருப்பானே?"ன்னா அவ.

ரெஜ் ரொட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, படத்தை ஒரு தடவை உத்துப் பாத்துட்டுச் சொன்னாரு: "ஓடுவானான்னு இன்னும் சோதிச்சுப் பாக்கலம்மா. ஆனா ஒண்ணு, எவன் வந்து கேட்டாலும் திருப்பித் தர்றதா இல்ல."