மூன்று மணித்தியாலச் சம்பளம்

"ஆள் எடுக்காட்டி இந்தச் சனிக்கிழமை லொங்குய்ய் மண்டபக் கலியாணத்துக்கு நான் வரமாட்டன்" என்றாள் செல்வமலர், தோளில் கிடந்த மணவறைத் தூணை இறக்காமலே.

சண்முகலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார். சென்ட் லோரன்டில் மணவறை வாடகைக்கு விடும் கடை அவருடையது. அதாவது, பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் அவருடையது. பதினொரு வருடமாகத் தூண் தூக்குவது, பூக் கட்டுவது, தொலைபேசி எடுப்பது, வான் ஓட்டுவது எல்லாம் அவர் மனைவி செல்வமலர்.

உடனே கணக்காளர் சாரங்கனை அழைத்தார்.

"ஒருத்தரை வேலைக்கு வைச்சா, சம்பளத்துக்கு மேல என்ன தம்பி வரும்?"

ஓய்வூதியத்தில் முதலாளி பங்கு, பிள்ளைப்பேற்றுக் காப்புறுதியில் பங்கு, சுகாதார நிதி, வேலையில் காயப்பட்டால் அதற்கொரு காப்புறுதி, விடுமுறைச் சம்பளம் என்று சாரங்கன் அடுக்கிக்கொண்டே போனான். சண்முகலிங்கம் தடவிப் பார்த்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப, வேலையாள் எண்டு சொல்லாம கொன்ட்ராக்ட் எண்டு எழுதுவமே?"

"நேரம் சொல்லுறது நீங்கள். சாமானும் இடமும் உங்கட. என்ன பேர் வைச்சாலும் அந்த ஆள் வேலையாள்தான் அண்ணை."

"சொந்தக்காரர் ஒருத்தர், சும்மா உதவிக்கு வந்தவர் எண்டு சொன்னா?"

"பிடிபட்டா அந்தச் சொந்தத்துக்கு அபராதம் கட்டுவியள்."

சண்முகலிங்கம் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். திடீரென்று நின்றார். ஒரே ஒரு மணித்தியாலம் மட்டும் கூப்பிட்டால்? இதைச் சாரங்கனிடம் அவர் கேட்கவில்லை. கேட்டால் அதையும் கெடுத்துவிடுவான்.

செல்வமலர் கோயிலில் பழக்கமான நிரஞ்சனியை அழைத்து வந்தாள். வீடு அடுத்த தெரு. வேலை புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அன்று அவளுக்கு லீவு. வான் வண்டியிலிருந்த பெட்டிகளை எல்லாம் நாற்பது நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். சண்முகலிங்கம் பெருந்தன்மையாக ஒரு மணித்தியாலச் சம்பளத்தை நீட்டினார்.

"கூப்பிட்டா குறைஞ்சது மூண்டு மணித்தியாலச் சம்பளம் அண்ணை. இஞ்ச சட்டம் அது."

சாரங்கனுக்கு அழைத்தார். "ஓம் அண்ணை" என்றான் அவன்.

சண்முகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மிச்ச நேரம் இந்தப் பிள்ளையைச் சும்மா இருக்க விடாதையும்!" என்று மனைவியிடம் கத்தினார். "உம்மட வேலை முழுக்கக் காட்டிக் குடும்!"

செல்வமலர் காட்டிக் கொடுத்தாள். எந்தப் பெட்டியில் எந்தப் பட்டு, எந்தத் தூண் ஆடும், எந்த வாடிக்கையாளருக்கு மூன்று தரம் நினைவூட்ட வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நிரஞ்சனி அத்தனையையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை லொங்குய்ய் மண்டபத்தில், மாப்பிள்ளை வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே மணவறை நிமிர்ந்து நின்றது. நிறுத்தியவள் நிரஞ்சனி. செல்வமலர் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. சண்முகலிங்கத்தின் மனம் இளகிவிட்டது.

மறுநாளே நிரஞ்சனிக்கு வேலைப் பத்திரம் எழுதினார்கள். ஒவ்வொரு வரியையும் சண்முகலிங்கம் பெருமூச்சோடு வாசித்தார்.

"அஞ்சு மணித்தியாலம் வேலை செய்தா அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரமாம். கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் தாண்டினா ஒண்டரை மடங்காம். ஒரு வருசம் நிண்டா ரெண்டு கிழமை லீவாம். ஐயோ!"

"இதெல்லாம் எனக்கும் இருக்கோ?" என்று கேட்டாள் செல்வமலர்.

"உமக்கென்னத்துக்கு? நீர் முதலாளியம்மா எல்லோ! இதெல்லாம் வேலை செய்யிற ஆக்களுக்கு."

"சரி, கேட்டு வைச்சனான்" என்று அவள் பேனாவை மூடி வைத்தாள்.

பழைய இடத்தில் சொல்லிவிட்டு வர நிரஞ்சனி இரண்டு கிழமை கேட்டிருந்தாள். சொன்னபடியே அது முடிந்த திங்கட்கிழமை காலை வந்து நின்றாள். செல்வமலரோ ஏதோ அலுவல் என்று விடிய முதலே கோட்டை மாட்டிக்கொண்டு போயிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு நிரஞ்சனி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது, வாசலில் ஒரு குடும்பம் மணவறை பார்க்க வந்து நின்றது, ஆடும் தூண் சரிந்தது. சண்முகலிங்கம் ஒரு கையால் தூணைப் பிடித்தபடி மறு கையால் மனைவிக்கு அழைத்தார். ஐந்து தரம் அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

நிரஞ்சனி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"இப்ப எடுக்க மாட்டா அண்ணை. நான் விட்ட களஞ்சிய வேலையில அக்கா இண்டைக்குச் சேர்ந்திட்டா, அவவுக்குப் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பாட்டு நேரம்."