தேவமாலாவின் முதல் படமும் என் மகள் வயதும்

வில்லியனூர்,
ஆனி 10, 1978.

‘திரைத்தோரணம்’ வார இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, வில்லியனூர் கடைத்தெருவில் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரம் செய்யும் தெய்வசிகாமணி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சிவகாமசுந்தரியும் மகள் வசந்தாவும் கடையும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தங்கள் இதழில் வாராவாரம் வரும் நடிகை தேவமாலா அம்மாவின் வாழ்க்கைத் தொடரில், அவர் முதன்முதலில் நடித்த ‘அஞ்சனவல்லி சுயம்வரம்’ 1950-ல் வந்தது என்று போட்டிருக்கிறீர்கள். அது 1956. ஆறு வருடத்தை முன்னால் தள்ளிவிட்டீர்கள். இதனால் தேவமாலா அம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கலைச்சேவை இருபத்தெட்டு வருடம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். என் மகள் வசந்தாவுக்குத்தான் ஒரே வாரத்தில் ஆறு வயது கூடிவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பெண் இப்போது இருபத்தெட்டு. அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு இருபத்தாறு. நிலைமை தங்களுக்கே புரியும்.

நடிகை படத்துக்கும் தவிட்டுக்கடைக்காரன் மகள் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மனைவிக்குத் தலைப்பிரசவம் தாய் வீட்டில். அது பாகூரைத் தாண்டி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. படம் வெளிவந்த அதே வருடம், பாகூர் டென்ட்டுக் கொட்டாயில் அதைப் போட்ட முதல் நாள், என் மாமியார் வீட்டில் இருந்த அத்தனை பேரும் வண்டி கட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது என் மனைவியும், காது கேட்காத சின்னபொண்ணு என்ற ஒரு சித்தியும்தான். இவர்கள் படம் பார்த்துத் திரும்பி வருவதற்குள் வசந்தா பிறந்துவிட்டாள். ‘அங்க படத்துல பாம்பு கடிச்சு தேவமாலா சாவுது, இங்க இது பொறக்குது’ என்று என் மாமியார் போகிற இடமெல்லாம் சொல்லுவார். அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் கணக்கு இதுதான். தேவமாலா வந்த அன்று பிறந்தவள். பெண் பார்க்க வந்தபோதும் இதை நானே பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

வேறு ஆதாரம் இல்லையா என்றால், இல்லை. வில்லியனூரில் பிறந்திருந்தால் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கப்படி மேரியில், அதாவது கம்யூன் ஆபீசில், பதிந்திருப்போம். அக்கரை சென்னை ராஜ்யம், அங்கே யாரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பச்சையப்பன் வாத்தியார் தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் வாய்க்கு வந்த ஒரு வருடத்தில் ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டார். அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்ததுதான். ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்த ஒரே ஆதாரம் தேவமாலா அம்மா. அதைத் தாங்கள் தின்றுவிட்டீர்கள்.

மாப்பிள்ளை சண்முகசுந்தரம் பாகூர்ப் பக்கம் கரும்பு, நெல் வைத்திருக்கும் குடும்பம். அவருடைய தாய்மாமன் சுப்பராயலு மதகடிப்பட்டு மாட்டுச் சந்தையில் பெரிய தரகர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தாம்பூலம் மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் இதழ் வந்தது. உலகநாதன் புத்தகக் கடையில்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். கடையில் இருந்த பிரதி அத்தனையையும் வாங்கி வந்து தவிட்டு மூட்டைக்கு அடியில் போட்டேன். உலகநாதன் என்ன நினைத்தாரோ, அடுத்த வாரம் இரண்டு மடங்கு இறக்கிவிட்டு, ‘அண்ணே, உனக்காகத்தான் சேத்து வரவழச்சேன்’ என்று ஆள் அனுப்பினார். அதையும் வாங்கினேன். ஆனால் சுப்பராயலு தங்கள் இதழை மதகடிப்பட்டிலேயே வாங்குகிறவர் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மறுநாள் கடைக்கு வந்தார்.

‘இன்னாபா தெய்வசிகாமணி, படம் அம்பதுல வந்துதுன்னு போட்ருக்கான். பொண்ணு எங்க பையனுக்கே அக்கா ஆவுதே’ என்றார்.

‘அச்சுல தப்பா பூட்டுதுங்க’ என்றேன்.

‘அச்சடிச்சவன் பொய் சொல்லுவானா, பொண்ணப் பெத்தவன் பொய் சொல்லுவானா, நீயே சொல்லு’ என்றார்.

ஐயா, தாங்களே யோசித்துப் பாருங்கள். தொடரின் முதல் வாரத்தில் தேவமாலா அம்மா 1940-ல் பிறந்தார் என்று எழுதினீர்கள். ஆறாவது வாரத்தில் 1950-ல் நடித்தார் என்கிறீர்கள். அப்படியானால் பத்து வயதுப் பிள்ளையா கதாநாயகிக்குத் தோழியாக வந்து, ராஜகுமாரனிடம் ஓலை கொடுத்து, அவன் கையைப் பிடித்ததும் வெட்கப்பட்டது? வயதைக் குறைக்க வேண்டும், அனுபவத்தைக் கூட்ட வேண்டும், இரண்டும் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஏறாத வயதெல்லாம் இங்கே என் பெண் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதை நான் சுப்பராயலுவிடமும் எடுத்துச் சொன்னேன். ‘நடிகைங்க அப்பிடித்தான், அவங்களுக்கு எல்லாம் முன்னாடியே ஆயிடும்’ என்று சொல்லிவிட்டார்.

டென்ட்டுக் கொட்டாய் நடத்தியவரின் மகன் வீரப்பனைத் தேடி வீராம்பட்டினம் வரை போனேன். இப்போது அங்கே மீன் ஏலம் எடுக்கிறார். படம் நன்றாக நினைவிருக்கிறதாம், அன்று காற்றில் கொட்டாய்த் துணி கிழிந்ததாம், வருடம் மட்டும் தெரியாதாம். பிறகு தேவமாலா அம்மாவுக்கே நேராக எழுதினேன். ‘அம்மா, தங்கள் முதல் படம் வந்த வருடத்தைத் தங்கள் கையால் எழுதி அனுப்பினால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்’ என்று விவரமாகக் கேட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே அவர் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோ, கீழே ‘அன்புடன்’ என்று கையெழுத்து. என் மனைவி அதைப் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ‘அச்சு பொய் சொல்லும், நீயும் பொய் சொல்லுவ, பல்லு பொய் சொல்லாது. பொண்ணு கொஞ்சம் வாயத் தொறக்கட்டும். சந்தையில பல்லப் புடிச்சு வயசு சொன்னா எவனும் மறுபேச்சு பேசமாட்டான்’ என்றார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடக்கமான பையன். வசந்தா என்னைப் பார்த்தாள். ‘பெரியவர் கேக்கறாரு, தொறம்மா’ என்றேன். வேறு எப்படி நிரூபிப்பது. அவள் திறந்தாள். அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘கடவாப்பல்லு மொளச்சிருக்குது. இருவத்தி ரெண்டும் சொல்லலாம், இருவத்தெட்டும் சொல்லலாம்’ என்று முடித்துவிட்டார். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தார் என்று இருந்தது. அன்றிலிருந்து வசந்தா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. பல்வலியாக இருக்கும் என்று கிராம்பு வாங்கிக் கொடுத்தேன்.

போகும்போது சுப்பராயலு தீர்ப்புச் சொன்னார். இதழில் திருத்தம் வந்தால் பேசினபடி தாம்பூலம். வராவிட்டால், பெண் இரண்டு வயது மூத்தவள் என்பதற்கு ஈடாக நான் ஒரு ஜோடி உழவு மாடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ‘ரெண்டு வயசு வரைக்கும்தான் மாட்டுல சரிக்கட்டலாம். நாலு வயசுன்னா ஒரு மந்தையே குடுத்தாலும் ஆவாது’ என்றார். இல்லாத வயதுக்கு நான் ஏன் மாடு கொடுக்க வேண்டும்?

ஆகையால், தாங்கள் பெரிய மனது வைத்து, வரும் இதழிலேயே, கண்ணில் படுகிற மாதிரி பெரிய எழுத்தில், ‘அஞ்சனவல்லி சுயம்வரம் வந்தது 1956-ல்தான்’ என்று ஒரு வரி போட்டு என் பெண்ணைக் கரையேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழ் நிறைய விற்க வேண்டும். தங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். தேவமாலா அம்மாவும் தாங்கள் எழுதிய வயதிலேயே நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற கவலையுடன்,
வை. தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கவரின் மேல் தங்கள் விலாசத்தை எழுதச் சொல்லிக் கடிதத்தை வசந்தாவிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்துவிட்டு, விலாசம் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். ‘இன்னாம்மா’ என்றேன். ‘இத்த தபால்ல போட்டா எனக்கு இருவத்தி ரெண்டு ஆயிடும்பா. ஆயிட்டா அந்த வூட்டுக்குத்தான போவணும். நான் இருவத்தெட்டாவே இருந்துட்டுப் போறேன்’ என்றாள். அடுப்படியிலிருந்து என் மனைவி, ‘அந்த ஆளு தாடையில கை வச்சப்பவே நீங்க எழுந்திருப்பீங்கன்னு பாத்தேன்’ என்றாள். அன்று வந்திருக்க வேண்டிய கோபம் இன்றுதான் வந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

நாங்களாகப் போய் வேண்டாம் என்று சொன்னால் சுப்பராயலு சந்தையில் இருந்து ஒரு ஆள் என் கடைப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார், வசந்தாவையும் நாலு விதமாகப் பேசுவார். நாலு வயது மூத்தவள், மந்தையே கொடுத்தாலும் ஆகாது என்று அவர்களாகப் போய்விட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. மேலே எழுதியதைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். ஆனால் திருத்தம் கட்டாயம் வேண்டும். பெரிய எழுத்தில், 1948 என்று போடவும்.