பெரிய இன்ஜினை நான் வேண்டாம் என்ற கதை

என் மனைவி டோரீன் என் பேச்சைக் கேட்டு நடந்ததாகச் சரித்திரமே கிடையாது. வேலிக்குப் பச்சை என்றால் வெள்ளை அடிப்பாள். மீன் என்றால் கோழி வறுப்பாள். பதினாறு வருஷம் பட்ட பிறகுதான் என் மூளை வேலை செய்தது. வேண்டியதை வேண்டாம் என்று சொன்னால் என்ன?

சமயமும் வாய்த்தது. என் எழுபதாம் வருஷத்து ஷெவெல் கார் இன்ஜின் இல்லாமல் கராஜில் படுத்திருந்தது. டோரீனின் தம்பி லைல் தன் மெக்கானிக் ஷெட்டை மூடிவிட்டு ஃப்ளோரிடா கிளம்புகிறான். அவனிடம் இரண்டு இன்ஜின். சின்னது முன்னூற்று ஐம்பது கன அங்குலம். பெரியது நானூற்று ஐம்பத்து நாலு. "ஒண்ணு உனக்குச் சும்மாவே தர்றேன் மச்சான். எதுன்னு அக்கா சொல்லட்டும்" என்றுவிட்டான் படுபாவி.

எனக்குப் பெரியதுதான் வேண்டும். எங்கள் மிச்சிகன் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் பழைய கார்க்காரர்கள் வங்கிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் கூடி, பானெட்டைத் திறந்து வைப்பார்கள். பெரிய இன்ஜின் என்றால் கூட்டம் மொய்க்கும். சின்னது என்றால் முதுகில் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் மானம் மொத்தமும் அந்த நானூற்று ஐம்பத்து நாலில்தான் இருந்தது.

காலையில் அவள் பான்கேக் சுடும்போது ஆரம்பித்தேன்.

"டோரீன், சின்ன இன்ஜினே போதும்னு பாக்கறேன்."

"அப்படியா? ஏன்?"

"பெரிசு பெட்ரோலைக் குடிச்சே நம்மள ஓட்டாண்டி ஆக்கிடும்."

"ம்."

"கனம் வேற. திருப்பத்துல திரும்பாது, நேரா ஆத்துல போய் இறங்கும்."

"ஐயையோ!"

"ஸ்பார்க் பிளக் மாத்தக் கைகூட உள்ள போகாது. அந்தச் சனியன் யாருக்கு வேணும்?"

அவள் பான்கேக்கைத் திருப்பிப் போட்டாள். இதோ மறுக்கப் போகிறாள் என்று, தோற்றவன் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"வாஸ்தவம்தான் மெர்ல். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் அவசரமாகப் பின்வாங்கினேன்.

"இல்ல... பெரிசுலயும் ஒரு அழகு..."

"அழகா ஆத்துல விழவா?" உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "டேய் லைல், உன் மச்சானுக்குச் சின்னதே போதுமாம். அவன் வாயாலயே சொல்லிட்டான்."

இரண்டு வாரத்தில் சின்னது ஏறியது. சனிக்கிழமை கிளம்பினேன். டோரீன் தலைவலி என்று வீட்டில் தங்கிவிட்டாள். பானெட்டைத் திறந்தேன். மூன்று பேர் வந்தார்கள். முதுகில் தட்டினார்கள். போய்விட்டார்கள்.

திடீரென்று தரை அதிர்ந்தது. ஒரு நீலப் பிக்கப் வண்டி உறுமிக்கொண்டு வந்தது. என் மாமனார் விட்டுப்போன வண்டி. லைலின் ஷெட்டில் தூசி படிந்து கிடந்த அதே வண்டிதான். ஓட்டி வந்தவள் டோரீன்! பானெட்டைத் தூக்கினாள். உள்ளே என் நானூற்று ஐம்பத்து நாலு. மொத்தக் கூட்டமும் நாற்காலிகளோடு அங்கே ஓடியது.

"அநியாயம்டி டோரீன்! தலைவலின்னியே?"

"விட்டுடுச்சு. லைல் கிளம்பறதுக்கு முன்னாடி மாட்டிக் கொடுத்தான். யாருக்கு வேணும்னு கேட்டியே, எனக்குத்தான்."

"நான் சும்மா சொன்னேன். எனக்கும் அதுதான் வேணும்!"

"தெரியுமே. வாயைத் திறந்து கேட்டிருந்தா கொடுத்துத் தொலைச்சிருப்பேன். எங்க கேட்டுடுவியோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

என் பானெட்டை மூடினேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் வண்டிப் பக்கம் போனேன். முன்வரிசையில் இடமில்லை.