வோல்டேஜைக் குறைக்கச் சொன்ன திருகாணி அண்ணன்

மின்சாரம் சரியாக வரவில்லை என்று புகார் கொடுக்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மின்சாரம் அநியாயத்துக்கு நன்றாக வருகிறது, தயவுசெய்து எங்கள் கட்டிடத்துக்கு மட்டும் கொஞ்சம் மட்டமாக அனுப்பி வையுங்கள் என்று மின்சார ஆபீசில் போய்க் கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் செம்பூரில் என்னோடு ஒரே ஃபிளாட்டில் குடியிருந்தார். துணைக்குப் போனவன் நான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கூரியர்காரரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் திருகாணி அண்ணன். கண்ணில் பட்டதை எல்லாம் திருகுவார். ஃபேன் ரெகுலேட்டர், கேஸ் அடுப்பு, குளியலறைக் குழாய், எதுவும் அவர் கைக்குத் தப்பாது. ஆட்டோவில் ஏறினால் பின்சீட்டிலிருந்து எக்கி டிரைவரின் ரேடியோவைத் திருகி, "பாயி, பேஸ் தோடா ஜாஸ்தி ஹை" என்று, அடிச்சத்தம் கொஞ்சம் அதிகம் என்பார். நடுரோட்டில் இறக்கிவிடப்பட்ட சம்பவங்கள் உண்டு.

பிறந்து வளர்ந்தது தாராவி. வாய் திறந்தால் திருநெல்வேலித் தமிழ், கோபம் வந்தால் பம்பாய் இந்தி. வடாலாவில், துறைமுகச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. நெற்றியில் திருநீறும் இன் பண்ணிய வெள்ளைச் சட்டையுமாக ஹார்பர் லைன் ரயிலுக்கு நிற்கிறவரைப் பார்த்தால், இந்த மனிதர் கிட்டாரில் காது கிழியும் மெட்டல் இசை வாசிப்பார் என்று யாருக்கும் தோன்றாது. உண்மையில் அவர் வாசிக்கவும் மாட்டார். சவுண்டு செட் பண்ணுவார். வாசிப்பதற்கு நேரம் கிடைத்ததே இல்லை.

எல்லாம் அந்த ஆம்ப்ளிஃபையர் வந்ததில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போவில் வந்து இறங்கியது. தாத்தா காலத்து ரேடியோப் பெட்டிகளில் கண்ணாடி வால்வுகள் மினுங்குமே, அதே வால்வுகள் வைத்த கிட்டார் ஆம்ப். கறுப்பாக, கல்லுப் போலக் கனத்தது. எங்கள் லிஃப்டில் ஒன்று அது ஏறலாம், இல்லை நாங்கள் ஏறலாம். அதை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் படியில் ஓடினோம். நடுவில் எங்கள் கட்டிடத்துக் குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரட்டரி பாட்டீல் லிஃப்டுக்குப் பொத்தான் அழுத்தியிருக்கிறார். கதவு திறந்தால், ஆளே இல்லாமல் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் நிற்கிறது. அவர் அன்று படியிலேயே இறங்கிப் போனார். எங்கள் மேல் அவருக்கு விழுந்த முதல் சந்தேகம் அது.

அண்ணன் அதை சாமி மாதிரி ஹாலில் கிழக்குப் பார்த்து வைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் உடனே கிட்டாரைத் தொட மாட்டார்.

"வால்வு சூடாகணும்லா? தூங்கி எந்திச்ச ஒடனே ஒருத்தனப் பாடச் சொன்னா பாடுவானா? காப்பியக் குடிச்சிட்டுத்தான பாடுவான்?"

ஆகவே நாங்கள் காப்பி குடிப்போம். பிறகு திருகல் தொடங்கும். முன்பக்கம் வரிசையாகத் திருகிகள். கெயின் என்பது சத்தத்தை எவ்வளவு கரகரப்பாக்குவது என்பதற்கு. பேஸ், மிடில், டிரெபிள் மூன்றும் அடி, நடு, உச்சிக்கு. மாஸ்டர், பாட்டீலுக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதற்கு. அண்ணன் தந்திகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே ஒரு கார்டைத் 'தரங்' என்று அடிப்பார். ஒரு திருகியை எறும்பு நகர்வதுபோல் நகர்த்துவார். மறுபடி 'தரங்'. பிறகு என்னைப் பார்ப்பார்.

"எப்பிடிலே இருக்கு?"

எனக்குச் சங்கீதமும் தெரியாது, சத்தமும் தெரியாது. தெரிந்தது சாப்பாடு ஒன்றுதான். "முறுக்கு மாதிரி இருக்குண்ணே" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கைமுறுக்கா, அச்சுமுறுக்கா?"

"அச்சு."

"அப்ப டிரெபிள் தூக்கலா இருக்கு." திருகினார். 'தரங்.' "இப்போ?"

"இப்ப நமுத்துப் போச்சு."

"சரியாச் சொன்னலே!"

அன்றிலிருந்து நான் அவருடைய அதிகாரபூர்வக் காது. ஹாலில் நின்று கேட்பேன், அடுக்களையில் நின்று கேட்பேன், குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேட்பேன். 'புளி அதிகம்', 'தாளிதம் பத்தல', 'அடிப்பிடிச்ச பால்' என்று நான் கத்த, அவர் திருகுவார். ஒருநாள் பசியில், "அண்ணே, எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

பாட்டீல் வந்தார். டிரில்லிங் வேலைக்கு சொசைட்டியில் அனுமதி வாங்க வேண்டும் என்று இந்தியில் சொன்னார்.

"டிரில்லிங் இல்ல சாப். மியூசிக்" என்றார் அண்ணன்.

பாட்டீல் ஹாலை எட்டிப் பார்த்தார். "அச்சா? எப்ப ஆரம்பிக்கும்?" என்று மரியாதையாகவே கேட்டார்.

அண்ணனிடம் ஒரு குழுவும் இருந்தது. டிரம்ஸ் செல்வம், பாடவும் பேஸ் கிட்டாருக்கும் செல்வத்தின் சித்தப்பா பையன்கள் இரண்டு பேர். செல்வத்துக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. ஞாயிறு மதியம் தையல் மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டுப் பயிற்சி. அண்ணன் வீட்டில் பாடுபட்டுக் கண்டுபிடித்த சவுண்டில் அடியும் உச்சியும் முழுசாக இருக்கும், நடுவைச் சுத்தமாக வழித்து எடுத்திருப்பார். தனியாகக் கேட்டால் இடி இடிக்கும். செல்வம் டிரம்ஸைத் தட்ட ஆரம்பித்ததும் இடியைக் காணோம்.

செல்வம் நிறுத்தினான். "அண்ணே, கை ஆடுது, சத்தத்தக் காணமே?"

"நீ ஒன் டிரம்ஸ நிப்பாட்டுலே. நல்லாக் கேக்கும்."

"நான் நிப்பாட்டவா வந்திருக்கேன்?"

இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். கடைசியில் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கெயினைக் குறைத்து மிடிலை ஏற்றினார். கிட்டார் கேட்டது. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. "கேக்குது. ஆனா இது அது இல்லலே" என்றார். 'அது' என்னவென்று அவருக்கும் தெரியாது.

அப்போதுதான் செல்வத்தின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. தாராவியில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் கோவண்டி. எங்கள் கச்சேரி என்று பத்திரிகையிலேயே அச்சடித்தாயிற்று. செல்வம் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஒரே ஒரு பாட்டு முழுசா வாசிச்சிருங்க. மாப்பிள வீட்டுக்காரங்க முன்னாடி மானம் போயிரக் கூடாது."

"கவலப்படாத. சவுண்டு மட்டும் செட்டாயிரட்டும்."

இந்தப் பதிலைக் கேட்டதும் செல்வத்தின் முகம் செத்துவிட்டது.

ரிசப்ஷன் அன்று ஆம்பைக் கைவண்டியில் வைத்து, சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனோம். கரன்ட்டுக்கு ஒரு கிழட்டு ஜெனரேட்டர். அதன் தலையில் சீரியல் செட்டு, பெடஸ்டல் ஃபேன், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் ஏறியிருந்தன. மாப்பிள்ளை பெண் மேடைக்கு வந்தாயிற்று. அண்ணன் ஆம்ப் முன்னால் குத்தவைத்துத் திருகிக்கொண்டிருக்கிறார். 'தரங்.' மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், "மைக்செட்டு ரிப்பேரா?" என்று கேட்டார். செல்வம் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் தன் பெரிய விளக்கைப் போட்டார். ஜெனரேட்டர் முனகியது. டியூப்லைட்டெல்லாம் மங்கியது. ஃபேன்கள் சோம்பல் முறித்தன. அண்ணன் 'தரங்' என்று அடித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதே கரகரப்புதான். ஆனால் அதன் முள்ளெல்லாம் மழுங்கி, உருக்கிய வெல்லம் இழுபடுவதுபோல் அந்தக் கார்டு நீண்டு நின்றது. வோல்டேஜ் இறங்கியதில் வால்வுகளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. அந்த மூச்சுவாங்கலைத்தான் மனிதர் இத்தனை காலமாகத் தேடியிருக்கிறார்.

அண்ணன் எழுந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். மைக்கைப் பிடுங்கினார்.

"யாரும் எதையும் அணைச்சிராதீங்க! வீடியோக்காரரே, லைட்டு அப்பிடியே இருக்கட்டும்! அரே, ஃபேன் பந்த் மத் கரோ!"

பிறகு வாசித்தார். நான் அறிந்து முதல் தடவையாக, ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்தார். அரையிருட்டில், வியர்வையில், கோவண்டி மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு மேடையை விட்டு இறங்கி வந்தார்கள். செல்வம் டிரம்ஸைக் கிழித்தான். கூட்டம் இன்னொன்று கேட்டது.

இரண்டாவது பாட்டுக்கு அண்ணன் கையை ஓங்கும்போது பளீரென்று வெளிச்சம் வந்தது. ஃபேன்கள் பறந்தன. ஜனம் கைதட்டியது. 'தரங்' என்றது ஆம்ப், பழையபடி அச்சுமுறுக்காக.

ஜெனரேட்டர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே பெருமையாக வந்தார். "வோல்டேஜ் டவுனாயிருச்சுண்ணே. ஏத்தி விட்டுட்டேன்."

"ஒம்மள யாருவே ஏத்தச் சொன்னா?" அண்ணனின் அலறல் மைக்கில் தெரு முழுக்கக் கேட்டது. அந்த நல்ல மனிதர் தன் சர்வீஸில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். கெஞ்சியும் பார்த்தோம், மறுபடி அதேபோல் இறக்க அவருக்குத் தெரியவில்லை.

செல்வத்துக்கு மானம் தப்பியது. அண்ணனுக்குத்தான் நிம்மதி போனது. பிரியாணியை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் பிரமாதம்னு சொன்னாங்கண்ணே."

"பிரமாதமாத்தானலே இருந்துச்சு. இனி அத எங்க போய்த் தேடுவேன்?"

செம்பூரில்தான் தேடினார். கீசர், இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் அடுப்பு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டார். என் கையில் வெறும் மிக்ஸியைக் கொடுத்து, "ஓட விட்டுக்கிட்டே இரு. வோல்டேஜ் எறங்குதான்னு பாக்கலாம்" என்றார். செம்பூர் மின்சாரம் அசையவில்லை. அது வீம்புக்காரத்தனமாக நிமிர்ந்தே நின்றது. கடைசியில் எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். பழைய கட்டிடம், கட்டிடத்தில் எங்கள் விங் முழுக்க, அத்தனை ஃபிளாட்டுக்கும் ஃப்யூஸ் போய்விட்டது. அன்று கிரிக்கெட் இறுதியாட்டம். மாடிப்படியில் ஜனம் இறங்கி வரும் காலடியோசை இன்னும் என் காதில் இருக்கிறது. முன்னால் பாட்டீல்.

"இன்னொரு தடவை நடந்தா ஃபிளாட்டக் காலி பண்ணிருங்க."

மறுநாள்தான் மின்சார ஆபீஸுக்குப் போனோம். கவுண்டரில் ஓர் அம்மா.

"என்ன புகார்? வோல்டேஜ் கம்மியா?"

"இல்ல மேடம், ஜாஸ்தி."

"ஏதாவது எரிஞ்சு போச்சா?"

"இல்ல."

"பல்பு மினுக்குதா?"

"எல்லாம் ரொம்ப நல்லாருக்கு மேடம். அதான் பிரச்னையே. சாயங்காலம் மட்டும் கொஞ்சம் எறக்கிக் குடுத்தீங்கன்னா..."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என் வீட்டுக்கு வந்துருங்க. எங்க பக்கம் சாயங்காலம் ஆனா கரன்ட்டுக்கு உயிரே இருக்காது" என்றார்.

"எந்த ஸ்டேஷன் மேடம்?" என்று அண்ணன் பேனாவை எடுத்தார். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மீனா மாட்டுங்காப் பெண். தலைமுறை தலைமுறையாக ஆபீஸ் வேலையும் கச்சேரி ரசனையுமாக இருக்கிற வீடு. ரிசப்ஷனில் அவள் நடந்து வரும்போது ஒரு குறிப்பிட்ட மெட்டு ஒலிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன வயதில் அவள் அப்பா முணுமுணுத்துத் தூங்க வைத்த மெட்டு. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவர் அந்த மெட்டை மூன்று மாதம் வாயிலேயே போட்டுக்கொண்டு திரிந்தார்.

மாட்டுங்கா ஹாலில் மின்சாரம் முதல்தரம். காலையிலேயே ஆம்பை இறக்கி வைத்தாயிற்று. மாலையில் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன், மனிதர் மண்டியிட்டபடியே இருக்கிறார். செல்வம் உதட்டைப் பிதுக்கினான். வாசலில் மீனா வந்து நின்றுவிட்டாள். பின்னால் அவள் வீட்டார். ஹாலே திரும்பிப் பார்க்கிறது. சத்தமில்லை. மீனாவின் முகம் மெல்ல மாறுவது எனக்கு அத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது.

அண்ணனும் அதைப் பார்த்தார். திருகியில் இருந்த கையை எடுத்தார். எழுந்தார். செல்வத்துக்குத் தலையசைத்துவிட்டு வாசித்தார்.

கொடுமையான சத்தம். ஈயப் பாத்திரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல. ஒவ்வொரு ஸ்வரமும் அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. குனியவில்லை. மீனா முதலில் திகைத்தாள், பிறகு மெட்டைக் கண்டுகொண்டாள், பாதி வழியில் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் மேடையேறும் வரை வாசித்து முடித்தார்.

மாமனார் என் காதருகே குனிந்தார். "மாப்ளே, அந்தப் பொட்டிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "செட்டாகலன்னு தெரியும்ணே. எதுக்கு வாசிச்சீங்க?"

"புள்ள வந்து வாசல்ல நிக்கிதுல்லா?" என்றார், அப்பளத்தை நொறுக்கியபடி. "சவுண்டு கெடக்கு சவுண்டு. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

இப்போது அவர் நவி மும்பைப் பக்கம் இருக்கிறார். அங்கேயும் ஒரு செக்ரட்டரி இருப்பார், பாவம். எங்கள் வீட்டில் எப்போதாவது கல்யாண வீடியோவைப் போடுவோம். அந்த இடம் வந்ததும் மீனா காதைப் பொத்திக்கொள்வாள். நான் ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.