மேற்படி பள்ளத்துக்கு உகந்த கற்கள்

சாலைப் பராமரிப்புத் துறையில் கல் என்றால் நெடுங்காலமாக ஒரே பொருள்தான். ஜல்லி. முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று அளவில் வேறுபாடு உண்டே தவிர, அதன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. உயர் அதிகாரிகளுக்கான பயிற்சி முகாமுக்குப் போன தலைமைப் பொறியாளர் திரும்பி வந்த நாளில் அந்தக் குறை நீங்கியது.

போகும்போது அவர் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. வரும்போது அந்த இடத்தில் ஒரு கல் பிரேஸ்லெட் இருந்தது. ஊதா நிறச் செவ்வந்திக்கல், தண்ணீர் உறைந்தாற்போல் படிகம், நடுவில் பழுப்பும் மஞ்சளுமாகப் புலிக்கண் கல். முன்பெல்லாம் கோப்பில் பிழை கண்டால் உடனே மேஜையில் அடிப்பவர், இப்போது கண்ணை மூடி, புலிக்கண்ணைத் தொட்டு, நீளமாக மூச்சு விட்டு, அதன் பிறகு மேஜையில் அடித்தார். மாற்றம் எல்லோருக்கும் தெரிந்தது.

ஊழியர் கூட்டத்தில் அவரே விளக்கினார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குணம் உண்டு. கல்லைக் கையில் பிடித்து, வேண்டியதைத் தெளிவாக நினைத்து, அந்த நினைப்பைக் கல்லில் ஏற்ற வேண்டும். அதற்கு எண்ணம் வைத்தல் என்று பெயர். ஆனால் தனிக்கல் தோப்பாகாது. எதோடு எதைக் கோர்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். சாந்தம் தரும் கல்லோடு வேகம் தரும் கல்லைக் கோர்த்தால் இரண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அணிந்தவர் எந்தக் காரியமும் ஓடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்த நிலையைக் கல்லே இல்லாமல் எட்டியிருந்த பலர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு சொல்லவேண்டுமா? தலைவர் தும்மினால் ஜலதோஷம் பிடிக்கிற அலுவலகம் அது. வாரம் திரும்புவதற்குள் எல்லார் கையிலும் கழுத்திலும் கல் ஏறிவிட்டது. காலையில் சந்தித்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், உங்க சேர்க்கை என்ன என்று கேட்கலானார்கள். கணக்குப் பிரிவுக்குப் பற்றுறுதி தரும் கருங்கல் மணிகள் என்று முடிவானது. வந்த காசோலை வெளியே போவது நின்றது. புகார்ப் பிரிவுக்கு முத்தும் சந்திரகாந்தமும். அன்றிலிருந்து பொதுமக்கள் எவ்வளவு கத்தினாலும் அந்தப் பிரிவின் அமைதி குலையவில்லை.

இந்த அமளியில் கை மொட்டையாக நடமாடிய ஒரே ஆள் ஓவர்சியர். கல் பிடிக்காது என்றில்லை. அவருக்கு வேறு கவலை.

பேருந்து நிலையத்துத் திருப்பத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அவருடைய பொறுப்பில் வரும் சாலை. போன மாதம் அவருடைய சொந்த மாமனாரே ஸ்கூட்டரோடு அதற்குள் போய்விட்டார். மாமனார் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஆயிரம் பிள்ளைகளை விழாமல் ஓடப் பழக்கியவர். வலது கையில் மாவுக்கட்டோடு மகள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் சாதத்தைப் பிசைந்து, சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. பேசவேண்டியதை எல்லாம் மனைவி பேசினாள். "உங்க பள்ளம் எப்படி இருக்கு?" என்று தினமும் விசாரித்தாள். ஏதோ அவர் வைத்துக்கொண்டிருக்கிற சின்ன வீடு மாதிரி.

ஓவர்சியர் ஜல்லி கேட்டு மேலே எழுதினார். அவருக்குத் தெரியாத சங்கதி, துறையில் கல் ஆலோசனைக் குழு என்று ஒன்று புதிதாக அமைந்திருந்தது. கல் என்ற சொல் வருகிற கோப்பெல்லாம் இனி அதன் வழியாகத்தான் போகவேண்டும். ஜல்லிக் கோப்பும் போனது. திரும்பி வந்தபோது ஓரத்தில் கேட்டிருந்தார்கள்: எந்தக் கல்? எதனுடன் சேர்க்கை? என்ன எண்ணம்?

அவர் நேர்மையாகப் பதில் எழுதினார். கருங்கல் ஜல்லி. தாருடன் சேர்க்கை. மேற்படி பள்ளத்தை மூடும் எண்ணம்.

மறுபடி திரும்பி வந்தது. தார் ஒரு கல் அல்ல. மேலும், 'மூடும்' என்ற சொல் எதிர்மறையானது. நேர்மறையான எண்ணத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கக் கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

'சாலை நிறைவடையும் எண்ணம்' என்று திருத்தி அனுப்பினார். குழு அதைப் பாராட்டியது. ஆனால் கருங்கல்லின் இயல்பு பிடிவாதம் என்றும், அதை மென்மைப்படுத்த இளஞ்சிவப்புப் படிகம் ஒரு பங்கு கலப்பது குறித்துப் பரிசீலிக்கலாம் என்றும் எழுதியது. ஜல்லி கேட்டால் ஜல்லியடிக்கிறார்களே என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசியில் நேரில் பார்த்துவிடுவது என்று தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனார்.

தலைமைப் பொறியாளர் முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஓவர்சியர், நீங்க ஏன் அதைப் பள்ளம்னே பார்க்கிறீங்க?"

"எங்க மாமனார் அதுக்குள்ள விழுந்தார் சார்."

"அவரும் அதைப் பள்ளம்னு பார்த்திருப்பார்."

"பார்க்கலை சார். பார்த்திருந்தா விழுந்திருக்க மாட்டார்."

தலைமைப் பொறியாளர் புலிக்கண்ணைத் தொட்டுக்கொண்டார். பிறகு, இந்தப் பிரச்சினையைத் துறை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருப்பதாகவும், கல் ஆலோசகரை அழைத்துக்கொண்டு தாமே நேரில் ஆய்வு செய்யப்போவதாகவும் அறிவித்தார்.

கல் ஆலோசகர் என்று துறை குறிப்பிட்டது கடைத்தெருவில் சின்னதாக மணிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாளை. மணிக்காரம்மா என்றுதான் ஊரில் சொல்வார்கள். நாளெல்லாம் கம்பியும் இடுக்கியுமாக உட்கார்ந்து, தோடும் சரமும் கோர்த்து விற்பவள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் இரண்டும் எடுப்பாக இருக்கும் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் அன்பாக நாலு வார்த்தை பேசி, கஷ்டத்துக்குப் பொருத்தமாக ஒரு கல்லையும் எடுத்துக் கொடுப்பாள். பலருக்கு அந்த நாலு வார்த்தையே போதுமாக இருந்தது. கல்லைக் கையில் கட்டிக்கொண்டு போனார்கள்.

இரண்டு ஜீப்பில் அதிகாரிகள் வந்து பள்ளத்தைச் சூழ்ந்து நின்றார்கள். மணிக்காரம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இதுக்கு என்னங்க யோசனை, ஜல்லியைக் கொட்டி மூடவேண்டியதுதானே என்பது போல் ஓவர்சியரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க கருத்தைச் சொல்லுங்கம்மா," என்றார் தலைமைப் பொறியாளர். "இதுக்கு எந்தச் சேர்க்கை பலன் தரும்?"

"கல்லு ஞாபகப்படுத்தும்ங்க," என்றாள் அவள். "செய்யறது நாமதான்."

குழுவின் செயலாளர் முதல் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார். இரண்டாவது வாக்கியத்தில் பொறுப்பு சம்பந்தப்பட்டிருந்ததால் அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

பள்ளத்தைச் சுற்றி இரும்புக் குச்சிகளை நட்டு, செம்புக் கம்பியில் பெரிய பெரிய கற்களைக் கோர்த்துக் கட்டுவது என்று முடிவானது. பாதுகாப்புக்குச் செவ்வந்திக்கல், அன்புக்கு இளஞ்சிவப்புப் படிகம், விழிப்புக்குப் புலிக்கண், மூன்றையும் சமாதானமாக வைத்திருக்க இடையிடையே தெளிந்த படிகம். செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று கணக்குப் பிரிவு கேட்டது. சாலைக்குக் கல் என்ற தலைப்பிலேயே காட்டலாம் என்று பதில் போனது. அதோடு அந்த வருடத்து ஜல்லிக்கான ஒதுக்கீடு இனிதே நிறைவுற்றது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அழகாக இருந்தது. மணிக்காரம்மா தன் வேலையில் குறை வைக்கவில்லை. காலை வெயில் படும்போது சாலை ஒரு அட்டிகை போட்டுக்கொண்டு நிற்பதுபோல் ஜொலித்தது. வண்டியில் வருகிறவர்கள் அதைப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தார்கள். வேகத்தைக் குறைத்ததால் விழவில்லை. விழாததால், சேர்க்கை வேலை செய்கிறது என்று ஊர் முடிவுக்கு வந்தது. இரும்புக் குச்சியும் ஏதோ கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று ஓவர்சியர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவரை எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

பள்ளத்தின் புகழ் வளர்ந்தது. பரீட்சை எழுதுகிறவர்கள் வந்து எண்ணம் வைத்தார்கள். வேலை தேடுகிறவர்கள் வைத்தார்கள். பேசாமலிருந்த ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நேரத்தில் எண்ணம் வைக்க வந்து, அங்கேயே ஒருவரையொருவர் பார்த்து, அங்கேயே சண்டையைத் தொடர்ந்தார்கள். பேச்சுவார்த்தை மீண்டது என்று அதுவும் பலன் கணக்கில் சேர்ந்தது. கடைத்தெருவில் 'பள்ளச் சேர்க்கை' என்ற பெயரில் தோடு, மோதிரம், பிரேஸ்லெட் எல்லாம் விற்றன. பக்கத்துத் தெருக்காரர்கள் ஊர்வலமாக அலுவலகத்துக்கு வந்து, எங்கள் பள்ளம் மட்டும் என்ன இளப்பமா என்று கேட்டார்கள்.

மாமனாருக்கும் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. கூடுகிற காலத்தில் அது கூடியது என்று மருத்துவர் சொன்னார். மாமனார் அவரை நம்பவில்லை. பள்ளத்துக்குச் சரம் கட்டிய வாரத்திலிருந்துதான் விரல் அசைந்தது என்று எல்லாரிடமும் விரலை அசைத்துக் காட்டினார். தள்ளிவிட்டதும் அதுதான், தூக்கிவிட்டதும் அதுதான் என்றும் சொன்னார். மாப்பிள்ளையிடமும் பேச்சு வந்துவிட்டது. மனைவி பள்ளச் சேர்க்கைத் தோடு வாங்கிப் போட்டுக்கொண்டாள். உங்க பள்ளம் என்பது நம்ம பள்ளம் ஆயிற்று. வீட்டில் அமைதி திரும்பியதில் ஓவர்சியருக்கு நிம்மதிதான். ஆனால் தூங்கப் படுத்தால் அந்தப் பள்ளத்தின் விளிம்பு கண்ணுக்குள் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்ததை அவர் கவனித்திருந்தார்.

மழைக்காலம் வந்தது. தண்ணீர் தேங்கி விளிம்பை அரித்தது. ஒருநாள் ஆட்கள் நிறைந்த பேருந்தின் பின்சக்கரம் ஓரத்தில் இறங்கி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, ஏதோ நல்ல நேரம், நிமிர்ந்து போய்விட்டது. ஓவர்சியர் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார். ஜன்னலில் ஒரு குழந்தையின் கை தெரிந்தது. 

அவர் யாரையும் கேட்கவில்லை. பாலத்து வேலையில் மிச்சமாகிக் குவிந்துகிடந்த ஜல்லியை லாரியில் ஏற்றினார். விடுமுறை நாள் விடிகாலையில் நாலு ஆட்களோடு வந்து, கல் சரத்தைப் பதமாகக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நீரை இறைத்து, ஜல்லி பரப்பி, தார் ஊற்றி, உருளை ஓட்டினார். தரை சமமானது. காலால் தட்டிப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு, தான் எதற்குச் சம்பளம் வாங்குகிறோம் என்பது அவருக்கு விளங்கியது.

அந்த இன்பம் கடை திறக்கும் நேரம்வரை நீடித்தது.

முதலில் வந்தவர்கள் சமமான சாலையைக் காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். பிறகு கூட்டம் சேர்ந்தது. பேருந்துகள் நின்றன. அந்தப் பள்ளத்தில் கால் முறிந்தவர்கள், பல் உடைந்தவர்கள், விழுந்து எழுந்தவர்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் உரிமை அதிகம் என்று மற்றவர்கள் வழிவிட்டார்கள். நடுவில் மாமனார்.

"யாரைக் கேட்டு மூடினீங்க மாப்பிள்ளை?"

"உங்க கை உடைஞ்ச இடம் மாமா அது."

"அதைத்தான் நானும் சொல்றேன். என் கை உடைஞ்ச இடம். உங்களுக்கு அதுல என்ன வேலை?"

ஓவர்சியர் சுற்றும்முற்றும் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் மணிக்காரம்மா நிற்பது தெரிந்தது. அவளிடம் போனார். செய்யறது நாமதான்னு நீங்கதானே சொன்னீங்க, இவங்ககிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"சொன்னேன் தம்பி, நெசந்தான்," என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா இப்ப கையில ஏகப்பட்ட ஆர்டர் இருக்கே."

தலைமைப் பொறியாளர் வந்து சேர்ந்தார். கண்ணை மூடினார். கல்லைத் தொட்டார். துறைக்குச் சொந்தமான பள்ளத்தை முன் அனுமதியின்றி நிரப்பியது குறித்து ஓவர்சியரிடம் விளக்கம் கோரப்படும் என்றும், மேற்படி பள்ளம் பொதுமக்கள் நலன் கருதி உடனடியாக முன்பிருந்த நிலைக்கே கொண்டுவரப்படும் என்றும் அறிவித்தார். கைதட்டல் வானைப் பிளந்தது.

கல் கேட்பதற்குத்தான் கோப்பு, குழு, சேர்க்கை எல்லாம். தோண்டுவதற்கு எதுவும் தேவைப்படவில்லை. கடப்பாரையும் மண்வெட்டியும் வீடுகளிலிருந்தே வந்தன. மாமனார் கூடிய கையால் முதல் கொத்து கொத்தினார். ஓவர்சியரின் மனைவி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். ஆளாளுக்கு ஒரு மூலையில் கண்டபடி கொத்துவதைப் பார்த்துக்கொண்டு ஓவர்சியர் சும்மா நின்றார். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது, போதும், இதுதான் பழைய பள்ளம் என்று ஊரார் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். தலைமைப் பொறியாளரும் திருப்தியோடு தலையசைத்தார்.

ஓவர்சியருக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் அரையடி ஆழம் வேணும் சார்," என்றார். "விளிம்பும் வட்டமா வரலை. செய்யறதுதான் செய்யறோம், ஒழுங்கா செய்வோம்."

மண்வெட்டியை அவரே வாங்கிக்கொண்டார்.