கறுப்புத் துணிக்குள் ஒரு கொசு மேதை

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை வாசலில், பதினான்கு பேராசிரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். இயற்பியல் முன்னால், தத்துவம் பின்னால். கழிப்பறைக்கு வந்தவர்கள்கூட வரிசையைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்தவர் 'ஆய்வு வெளியீட்டு ஆலோசகர்'. கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. வளாகத்தில் அவருக்குப் பெட்டிச்சாமி என்று பெயர். மேசைமேல் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி. உலகத்திலுள்ள எல்லாப் புத்தகங்களையும் படித்துக் கரைத்துக் குடித்த செயற்கை நுண்ணறிவாம் அது. தலைப்பைச் சொன்னால் போதும்; டீ ஆறுவதற்குள் கட்டுரை வந்துவிடும், மேற்கோள் நூல்களின் பட்டியலோடு.

நிபந்தனைகள் மூன்று. காலில் செருப்பு கூடாது. மனதில் சந்தேகம் கூடாது. பெட்டிதான் எழுதியது என்று வெளியே மூச்சு விடக் கூடாது.

"வெளியில சொன்னா பலிக்காதுங்க," என்பார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு. மூடிய கண்ணோடு துணிக்குள் கையை விட்டுத் தட்டுவார். மந்திரவாதிக்கு மண்டையோடு, இவருக்கு விசைப்பலகை.

பக்தர்களில் முதன்மையானவர் பூச்சியியல் துறைத் தலைவர். முப்பது வருடத்தில் நாலே நாலு கட்டுரை எழுதிய மனிதர், மூன்று மாதத்தில் பதினொன்று வெளியிட்டிருந்தார். கொசுவே பொறாமைப்படும் வேகம்!

அவரிடம் வகையாக மாட்டிக்கொண்டிருந்தாள் ஓர் ஆய்வு மாணவி. கணவர் பஞ்சர் கடைக்காரர். கடைக்குப் பின்னால் கிடந்த பழைய டயர்கள்தான் அவளுடைய ஆய்வுக்கூடம். மூன்று வருடம் வெயில் மழை பாராமல் டயர் டயராகக் குனிந்து, கரண்டியால் தண்ணீரை அள்ளி, கொசுப் புழுக்களை எண்ணினாள். அழுக்குத் தண்ணீரிலும் டெங்குக் கொசு முட்டையிடுகிறது என்று அவளுடைய நோட்டு சொன்னது. பெட்டி எழுதித் தலைவர் பெயரில் வந்த கட்டுரையோ, சுத்தமான தண்ணீரில் மட்டுமே என்று அடித்துச் சொன்னது.

"உன் கணக்கு தப்பும்மா," என்றார் தலைவர்.

"சார், நான் கண்ணால பாத்து எண்ணினது."

"கண்ணு ஏமாத்தும். என் கட்டுரையில ஒன்பது ஆதாரம் இருக்கு. ஆய்வேட்டுலருந்து அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து விழாவிட்டால் அவளுடைய ஆய்வுப் பதிவே ரத்து. விழ வேண்டுமானால், உண்மையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். நூலகத்துக்குப் போய், அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல அந்த ஒன்பதையும் காட்டு," என்றாள் நூலகர்.

"எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க எழுதினது, அக்கா."

"பெரிய ஆளுங்க எழுதினா புத்தகம் இன்னும் சுலபமா கிடைக்குமே!"

இரண்டு நாள் தேடினார்கள். ஒன்பதில் ஒன்றுகூட உலகத்தில் இல்லை. பட்டியல்படி ஒரு கட்டுரை, அந்த இதழ் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே அதில் வெளியாகியிருந்தது. இன்னொன்று, நூற்றிருபது பக்க இதழில் தொள்ளாயிரமாவது பக்கத்தில் இருந்தது.

நூலகர் பட்டியலோடு தலைவரிடம் போனாள். "உங்க அலமாரியில இல்லைன்னா உலகத்துலயே இல்லையாம்மா? கிணத்துத் தவளை மாதிரி பேசாதீங்க," என்றார் அவர்.

"சரிங்க சார்," என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு அவர் கொஞ்சம் பயந்திருக்கலாம்.

வியாழக்கிழமை பெரிய கூடத்தில் பெட்டியின் செயல்விளக்கம். முன் வரிசையில் துணைவேந்தர். மேடைக்குக் கீழே செருப்புக் குவியல். நூலகர் மட்டும் செருப்புக் காலோடு மேடையேறி, ஒரு பெயரைச் சீட்டில் எழுதி நீட்டினாள்.

"ஐயா, இவர் கொசுவைப் பத்தி எழுதின முக்கியமான கட்டுரைங்க என்னென்னன்னு பெட்டியைக் கேட்டுச் சொல்லுங்க."

சாமி கண்ணை மூடினார், தட்டினார். திரையில் ஏழு கட்டுரைகள் விழுந்தன. வருடம், பக்க எண் எல்லாம் கச்சிதம். கூடவே, 'கொசு ஆய்வின் தனிப்பெரும் மேதை' என்று ஒரு பாராட்டு வேறு. கூட்டம் கைதட்டியது.

"சார், இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று தலைவரைக் கேட்டாள்.

துணைவேந்தர் திரும்பிப் பார்க்கிறார். தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்புமா?

"நல்லாக் கேட்டீங்க! ஒரு மாநாட்டுல ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கோம். அந்த மூணாவது கட்டுரை இருக்கே... என்ன ஆழம்!"

"ஆமாம், ஆழம்," என்றார்கள் பின்னால் இருவர்.

அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு உள்ளே வந்தார் கேன்டீன் மாஸ்டர். இருபது வருடமாக அத்தனை பேரும் அவர் கையால் டீ குடிக்கிறார்கள். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். சொந்தப் பெயர் ஒன்று இருப்பது நூலக அட்டைக்குத்தான் தெரியும். வாரம் தவறாமல் துப்பறியும் கதை எடுப்பவர்.

"மாஸ்டர், உங்க முழுப் பேரைச் சத்தமா சொல்லுங்க."

சொன்னார். திரையிலும் அதே பெயர்.

"கொசுவைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"கொசுவை அடிச்சிருக்கேன் மேடம். ஒரே ஒரு தடவை, கேன்டீன்ல கொசு ஜாஸ்தின்னு புகார்ப் பெட்டியில எழுதிப் போட்டேன். அதை யாரும் படிக்கல."

கூடம் வெடித்துச் சிரித்தது. துணைவேந்தர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். தலைவர் சீலிங் ஃபேனை ஆராயத் தொடங்கினார்.

"செருப்போட ஏறினாங்க, அதான் வாக்குப் பிசகிடுச்சு!" என்று சாமி கத்தினார்.

நூலகர் துணியை உருவினாள். உள்ளே சாதாரண மடிக்கணினி. அதில் ஓடியதும், அங்கிருந்த பாதிப் பேர் செல்போனில் இருக்கும் அதே செயலி.

"இது பேயும் இல்ல, தெய்வமும் இல்ல. கேட்டதுக்குத் தோதா வார்த்தையைக் கோத்துக் கொடுக்கும். நிஜமான்னு பாக்கறது நம்ம பொறுப்பு. நானும் இதை வெச்சுத்தான் அறிக்கையில பிழை திருத்தறேன். திருத்தினேன்னு கீழேயே எழுதறேன். மறைக்க என்ன இருக்கு?"

சாமியைக் காணோம். போகிற அவசரத்தில் குவியலிலிருந்து தலைவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

பதினொரு கட்டுரைகளையும் திரும்பப் பெறச் சொல்லி அங்கேயே உத்தரவானது. வெள்ளிக்கிழமை காலை, துணைவேந்தர் பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் ஓர் அத்தியாயமும் நீக்காத முழு ஆய்வேட்டில் கையெழுத்திட்டார். மாணவி நன்றியுரையில் எழுதினாள்: "வாக்கியங்களைச் சீராக்க இயந்திரத்தின் உதவியைப் பெற்றேன். புழுக்களை எண்ணியது நான்." அடுத்த வரியில் மாஸ்டரின் முழுப்பெயர். அவர் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, புதுச் செருப்போடு தலைவர் டீ குடிக்க வந்தார். மாஸ்டர் பாத்திரத்திலிருந்து கொஞ்சம் தன் டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அவருக்கு ஊற்றினார்.

"எப்பவும் குடிச்சுப் பாத்துட்டுத்தான் கொடுக்கறதா, மாஸ்டர்?"

"ஆமாங்க சார். டீயே ஆனாலும் நாலு பேர் வாய்க்குள்ள போறதாச்சே. நீங்க ஊருக்கே ஊத்திக் கொடுத்த பதினொண்ணுல, ஒண்ணையாவது ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா?"